தலைக்கு எத்தனை ஸ்லைஸ் வேண்டும்?

எங்கள் ஊர் ஆஸ்பத்திரி ரோட்டில் ஸ்கேன் சென்டர் போர்டுகளைப் பார்த்துக்கொண்டே நடந்தால், டாக்டர் பெயரைவிடப் பெரிதாக ஓர் எண் கண்ணில் படும். 16 ஸ்லைஸ், 32 ஸ்லைஸ், 128 ஸ்லைஸ். உள்ளே வருகிறவர்களும் அதைத்தான் கேட்கிறார்கள். "மேடம், இது எத்தனை ஸ்லைஸ் மெஷின்? பக்கத்துத் தெருவுல நூத்தி இருபத்தெட்டுன்னு போட்டிருக்காங்களே?" பைக்கிலிருந்து விழுந்த மகனை ஸ்ட்ரெச்சரில் வைத்துக்கொண்டு ஓர் அப்பா இப்படிக் கேட்டால், அவரைக் குறை சொல்ல முடியாது. போர்டு அவருக்குக் கற்றுக்கொடுத்த ஒரே கேள்வி அது.

நான் சி.டி. டெக்னீஷியன். இருபது வருடத்துக்கு மேலாக இதுதான் வேலை. ஒற்றை ஸ்லைஸ் மெஷினில் தொடங்கி 64 வரை கையாண்டிருக்கிறேன். ஸ்லைஸ் எண் பற்றிக் கேட்டால் நான் பதிலுக்குக் கேட்பது, எதை எடுக்கப்போகிறோம் என்பதைத்தான். துடித்துக்கொண்டே இருக்கும் இதயத்தின் ரத்தக்குழாய்களைப் படமெடுக்க அந்த எண் பெரிதாக இருப்பது நல்லது. ஓடாமல் ஆடாமல் கிடக்கிற தலைக்கு, சாதாரண பிளைன் ஸ்கேனுக்கு, 16 ஸ்லைஸ் மெஷினில் பொறுமையாக எடுத்த படம் 128-ல் அவசரமாக எடுத்த படத்தை ஓரம்கட்டிவிடும். எந்த முறையில் எடுத்தோம், எவ்வளவு கதிர் கொடுத்தோம், தலையை எப்படி வைத்தோம் என்ற மூன்றும் அந்த எண்ணைவிட முக்கியம்.

முதலில் அந்த எண்ணையே பார்த்துவிடுவோம். எக்ஸ்ரே குழாய் தலையை ஒருமுறை சுற்றி வரும்போது எத்தனை குறுக்குவெட்டுப் படங்களுக்கான தகவல் கிடைக்கிறது என்பதுதான் ஸ்லைஸ் கணக்கு. படம் எவ்வளவு தெளிவு என்பதற்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. இதில் ஒரு வியாபார நெளிவும் உண்டு. 128 ஸ்லைஸ் என்று விற்கப்படும் மெஷின்கள் சிலவற்றில் டிடெக்டர் வரிசைகள் 64 மட்டுமே இருக்கும். எக்ஸ்ரே கிளம்பும் புள்ளியை இம்மி அளவு முன்னும் பின்னும் தள்ளி, ஒவ்வொரு வரிசையையும் இரண்டு முறை படித்து 128 ஆக்குவார்கள். அது ஏமாற்று வேலை இல்லை, நிஜமாகவே படத்துக்கு உதவுகிற தொழில்நுட்பம். ஆனால் போர்டைப் படிக்கிறவருக்கு அது தெரிய வாய்ப்பில்லை.

சி.டி. பிறந்ததே தலைக்காகத்தான். 1971 அக்டோபர் 1-ம் தேதி, லண்டன் விம்பிள்டனில் இருந்த அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில், மூளைக் கட்டி இருக்கலாம் என்று சந்தேகப்பட்ட ஒரு பெண்ணின் தலையை முதன்முதலாக ஸ்கேன் செய்தார்கள். மெஷினை உருவாக்கியவர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட். இசைத்தட்டு விற்று உலகத்துக்கே தெரிந்திருந்த இ.எம்.ஐ. கம்பெனியின் இன்ஜினியர். கூட நின்றவர் ரேடியாலஜிஸ்ட் ஜேம்ஸ் ஆம்ப்ரோஸ். அந்த மெஷினில் எக்ஸ்ரே குழாயும் டிடெக்டரும் தலைக்குக் குறுக்கே ஒரு நேர்கோட்டில் ஓடி 160 அளவுகள் எடுக்கும், பிறகு ஒரு டிகிரி திரும்பும், மறுபடி ஓடும். இப்படி 180 தடவை. ஒரு ஸ்கேனுக்கு 28,800 அளவுகள். ஐந்து நிமிடம் போல ஆகும். வந்த படம் 80-க்கு 80 கட்டங்கள், மொத்தம் 6,400 புள்ளிகள். இன்று நான் எடுக்கும் ஒரு படத்தில் 512-க்கு 512, அதாவது இரண்டரை லட்சத்துக்கும் மேல் புள்ளிகள். அந்த 6,400 புள்ளியிலேயே கட்டி தெரிந்தது. 1979-ல் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும், அளவுகளிலிருந்து படத்தை வரவழைக்கும் கணக்கைத் தனியே போட்டிருந்த ஆலன் கார்மக்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அன்றைய நோயாளி தன் தலையை ரப்பர் உறைக்குள் விட வேண்டும், உறையைச் சுற்றித் தண்ணீர். கதிர் எந்தப் பக்கம் புகுந்தாலும் கடக்கும் தூரம் ஒன்றாக இருக்கட்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. மண்டையோடு கதிரோடு செய்கிற சேட்டையை ஹவுன்ஸ்ஃபீல்ட் முதல் நாளிலேயே புரிந்துவைத்திருந்தார் என்பதற்கு அந்தத் தண்ணீர்ப் பையே சாட்சி. பை போய்விட்டது. சேட்டை போகவில்லை.

உடம்பிலேயே படமெடுக்கச் சிரமமான இடம் எது என்று கேட்டால் பலர் வயிறு என்பார்கள். என்னைக் கேட்டால் தலை. சி.டி.யில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு, ஹவுன்ஸ்ஃபீல்ட் எண். தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000, கெட்டி எலும்பு 1000-ஐத் தாண்டும். இத்தனை பெரிய அளவுகோலில் மூளையின் வெண்பகுதி 25, 30 என்று நிற்கும். சாம்பல் பகுதி 35, 40. இரண்டுக்கும் வித்தியாசம் பத்து கூடத் தேறாது. அந்தச் சின்ன வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தால்தான் டாக்டர் மூளையைப் படிக்க முடியும். அதுவும் ஆயிரம் எண் உள்ள எலும்புக் கூட்டுக்குள் ஒளிந்திருக்கும் மூளையை. புது ரத்தம் 50 முதல் 80 வரை போகும் என்பதால் வெள்ளையாகப் பளிச்சென்று தெரிந்துவிடும். பெரிய ரத்தக்கசிவைக் கண்டுபிடிக்க எந்த மெஷினும் போதும். சோதனை வருவது பக்கவாதத்தில்.

ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டு பக்கவாதம் வந்தால், ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பது நடைமுறை. போடுவதற்கு முன் ரத்தக்கசிவு இல்லை என்று சி.டி. சொல்ல வேண்டும். முடிந்தால் எவ்வளவு மூளை ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருக்கிறது என்றும் சொல்ல வேண்டும். அந்த முதல் சில மணி நேரத்தில் பாதிக்கப்பட்ட இடத்தில் சாம்பல் பகுதியின் எண் இரண்டு மூன்று குறையும், அவ்வளவுதான். சாம்பலுக்கும் வெண்மைக்கும் நடுவிலிருந்த எல்லைக்கோடு மங்கும். படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் இருந்தால், அந்த மங்கலும் இரைச்சலும் ஒன்றோடொன்று கலந்து எதுவும் தெரியாமல் போகும்.

இரைச்சல் என்று நாங்கள் சொல்வது சத்தத்தை அல்ல. ஒரே மாதிரி இருக்க வேண்டிய இடத்தில் எண்கள் மேலும் கீழும் தாவுவதை. தினமும் காலையில் மெஷினைச் சூடேற்றிவிட்டு, தண்ணீர் நிரப்பிய உருளையை வைத்து ஒரு ஸ்கேன் எடுப்பேன். படத்தில் வட்டம் போட்டால் சராசரி 0-வை ஒட்டி வர வேண்டும். நாலைந்து கூடினாலும் குறைந்தாலும் பரவாயில்லை. கூடவே எண்கள் எவ்வளவு சிதறுகின்றன என்றும் காட்டும், அதுதான் இரைச்சலின் அளவு. சிதறல் 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். தேடும் வித்தியாசமே 8 என்றால் பாதியை இரைச்சல் தின்றுவிட்டது.

இரைச்சலைக் குறைக்கக் கதிரைக் கூட்டலாம். ஆனால் கணக்கு கறாரானது. இரைச்சல் பாதியாக வேண்டுமென்றால் கதிர் நாலு மடங்காக வேண்டும். ஸ்லைஸை மெல்லிதாக்கினாலும் இதே தொல்லை, எதிர்ப்பக்கத்திலிருந்து வரும். 5 மில்லிமீட்டர் ஸ்லைஸை 1.25 ஆக்கினால் ஒவ்வொரு ஸ்லைஸுக்கும் கிடைக்கும் கதிர் கால்வாசி, இரைச்சல் இரண்டு மடங்கு. "மெல்லிசா எடுத்தா நல்லா தெரியுமே" என்று சிலர் சொல்வது எலும்புக்குச் சரி. மூளைக்கு அப்படியே பொருந்தாது. அதனால்தான் இன்று மெல்லிதாக எடுத்து, நாலைந்தைச் சேர்த்துச் சராசரி போட்டு, தடித்த ஸ்லைஸாக டாக்டருக்குக் காட்டுகிறோம். மெல்லியவை மெஷினில் இருக்கும், வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம்.

இனி முறைகளுக்கு வருகிறேன்.

நான் வேலை கற்ற மெஷினில் தலையை நிறுத்தி நிறுத்தித்தான் எடுப்போம். டேபிள் நிற்கும், குழாய் ஒரு சுற்று சுற்றும், டேபிள் கொஞ்சம் நகரும், மறுபடி நிற்கும். வாழைத்தண்டை வட்டம் வட்டமாக நறுக்கிக்கொண்டே போவது மாதிரி. இதைச் சீக்வென்ஷியல் என்போம், ஆக்ஸியல் என்றும் சொல்வார்கள். பின்மூளைப் பகுதிக்கு 5 மில்லிமீட்டர், அதற்கு மேலே 10 மில்லிமீட்டர் என்பது அந்தக் கால வழக்கம். பிறகு வந்தது ஸ்பைரல், இன்னொரு பெயர் ஹெலிகல். குழாய் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும், டேபிளும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். பழைய மெஷின்களில் குழாயோடு கேபிளும் சேர்ந்து சுற்றிக்கொள்ளும். அதனால் ஒரு சுற்று முடிந்ததும் எதிர்த்திசையில் திரும்பியாக வேண்டும். ஸ்லிப் ரிங் வந்து அந்தக் கட்டு அவிழ்ந்த பிறகுதான் இது சாத்தியமானது. ஜெர்மனியின் வில்லி கலெண்டர் 1989-ல் ஸ்பைரல் முறையின் முதல் முடிவுகளை வெளியிட்டார். 1998-ல் ஒரே சுற்றில் நாலு ஸ்லைஸ் எடுக்கும் மெஷின்கள் வந்தன. 2004 வாக்கில் 64.

நெஞ்சு, வயிறு எல்லாம் மளமளவென்று ஸ்பைரலுக்கு மாறிவிட்டன. தலை மட்டும் பல இடங்களில் பழைய முறையிலேயே நின்றது. நாங்கள் சோம்பேறிகள் என்பதால் இல்லை. ஸ்பைரலில் டேபிள் ஓடிக்கொண்டிருப்பதால், எந்த ஒரு மட்டத்திலும் முழுச் சுற்றுக்கான தகவல் நேராகக் கிடைக்காது. முன்னும் பின்னும் கிடைத்ததை வைத்து நடுவில் உள்ளதைக் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு நிரப்புகிறது. வழவழப்பான உறுப்புகளில் அது தெரியாது. மண்டையோடு சட்டென்று வளையும் இடங்களில், கெட்டி எலும்பு தொடங்கும் முடியும் இடங்களில், கறுப்பும் வெள்ளையுமாக மாறி மாறிக் கீற்றுகள் வரும். ஸ்லைஸ்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிப் பார்த்தால் அந்தக் கீற்றுகள் சுழலும். இதற்கு வின்ட்மில் (காற்றாலை) ஆர்ட்டிஃபேக்ட் என்று பெயர். ஆரல்வாய்மொழிப் பக்கத்துக்காரியான எனக்கு அந்தப் பெயரை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

எல்லா முறைக்கும் உண்மையான பரீட்சை நடப்பது இரண்டு காதுகளுக்கும் நடுவில். காதின் உட்பகுதியைச் சூழ்ந்திருக்கும் எலும்பு உடம்பிலேயே மிகக் கெட்டியானவற்றில் ஒன்று. அந்த இரண்டு எலும்புக்கும் இடையே மூளைத்தண்டு இருக்கிறது. மூச்சையும் இதயத்துடிப்பையும் நடத்துகிற இடம். கதிர் அந்த எலும்புகளைக் கடக்கும்போது அதிலுள்ள மெலிந்த ஆற்றல் கதிர்களெல்லாம் உறிஞ்சப்பட்டு, வலுவானவை மட்டும் மறுபக்கம் வந்து சேரும். இடையிலே தடை குறைவு என்று கம்ப்யூட்டர் தப்புக்கணக்குப் போட்டு, மூளைத்தண்டின் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை வரைந்துவிடும். நோபல் வாங்கியவரின் பெயரை அதற்கும் சூட்டிவிட்டார்கள், ஹவுன்ஸ்ஃபீல்ட் பட்டை. நிஜமான பாதிப்பும் அந்த இடத்தில் கறுப்பாகத்தான் தெரியும் என்பதால், பட்டையா பாதிப்பா என்று ரேடியாலஜிஸ்ட் யோசிக்கும்படி ஆகிவிடும். மெல்லிய ஸ்லைஸில் எடுத்துச் சேர்த்தால் பட்டை குறையும். பின்மூளையைப் பொறுத்தவரை நிறுத்தி எடுத்த படமே பளிங்காக இருந்தது என்பது ஆரம்ப கால ஒப்பீடுகளின் முடிவு. என் கண்ணும் அதையேதான் சொன்னது.

இன்று அந்த இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிட்டது. டிடெக்டர் வரிசைகள் மெல்லிதாயின. டேபிளை மெதுவாக ஓட்டி, ஒவ்வொரு இடத்தையும் ஒருமுறைக்கு மேல் கதிர் தொடும்படி செய்தால் காற்றாலைக் கீற்றுகள் அடங்கிவிடுகின்றன. எக்ஸ்ரே புள்ளியை முன்பின் தள்ளுகிற வித்தையும் இதற்குத்தான் கைகொடுக்கிறது. ஒரே அளவு கதிர் கொடுத்து ஒப்பிட்டால் புது மெஷின்களில் இரண்டும் ஏறத்தாழச் சமம். சில இடங்களில் ஸ்பைரலே ஒரு படி மேல். அதனால் பல ஆஸ்பத்திரிகள் தலைக்கும் ஸ்பைரலுக்கே போய்விட்டன. ஆனால் "புது மெஷின்களில்" என்பதும் "ஒரே அளவு கதிர்" என்பதும் அழுத்திச் சொல்ல வேண்டியவை. பழைய 6 ஸ்லைஸ் மெஷினை வைத்துக்கொண்டு, நோயாளி வரிசை நீளமென்று தலையை ஸ்பைரலில் ஓட்டித் தள்ளுகிற இடங்களும் உண்டு. அந்தப் படங்களில் பின்மூளையைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும்.

"ஒரே அளவு கதிர்" ஏன் என்றால், இரண்டு படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இது அழகு அது சுமார் என்று சொல்வது ஒப்பீடே ஆகாது. அதிகக் கதிர் வாங்கிய படம் எப்போதும் அழகாகத்தான் இருக்கும். நேர்மையாக ஒப்பிடுகிறவர்கள் முதலில் கதிர் அளவைச் சமப்படுத்துவார்கள். பிறகு சாம்பல் பகுதியில் ஒரு வட்டம், வெண்பகுதியில் ஒரு வட்டம் போட்டு, எண் வித்தியாசத்தை இரைச்சலால் வகுப்பார்கள். அதோடு நிற்காமல், எந்தப் படம் எந்த முறை என்று சொல்லாமல் இரண்டு மூன்று ரேடியாலஜிஸ்டுகளிடம் கொடுத்து மார்க் போடச் சொல்வார்கள். எண்ணில் ஜெயித்த படம் கண்ணிடம் தோற்பதும் நடக்கும். இரைச்சலைக் கம்ப்யூட்டர் கணக்கால் துடைத்தெடுக்கும் புதிய முறைகளில் இது சகஜம். எண் அருமையாக வரும், படம் மழமழவென்று இருக்கும், பழகிய ரேடியாலஜிஸ்ட் மூஞ்சியைச் சுளிப்பார். சின்னச் சின்ன விவரமும் இரைச்சலோடு சேர்ந்து துடைபட்டிருக்குமோ என்ற சந்தேகம். அதனால் துடைப்பின் வேகத்தை நடுவில் நிறுத்தி வைப்பதே எங்கள் வழக்கம்.

ஸ்பைரல் மறுபேச்சில்லாமல் ஜெயிக்கும் இடம், நோயாளி அசையும் இடம். ராத்திரி பதினோரு மணிக்கு ஆக்ஸிடென்ட் கேஸ் வரும். மண்டையில் அடி, மூக்கில் ரத்தம், குடிவாடை, கையைக் காலை உதறிக்கொண்டு "என்னைய விடுங்கடா" என்று கத்துவார். நிறுத்தி எடுத்தால் அரை நிமிடத்துக்குக் குறையாது. நடுவில் தலையைத் திருப்பினால் ஒரு ஸ்லைஸுக்கும் அடுத்ததுக்கும் இடையே மூளையின் ஒரு பகுதி படத்திலேயே வராமல் போய்விடலாம். ஸ்பைரலில் ஏழெட்டு வினாடி. அவர் மூச்சு வாங்கி அடுத்த வசவைத் தொடங்குவதற்குள் முடிந்துவிடும். நிறுத்தி எடுப்பதிலும் ஒரு சௌகரியம் உண்டு. ஆடிய ஸ்லைஸை மட்டும் திரும்ப எடுத்தால் போதும், முழுத் தலைக்கும் மறுபடி கதிர் கொடுக்க வேண்டியதில்லை.

அடிபட்ட தலைக்கு ஸ்பைரல் தேவைப்படுவதற்கு இன்னொரு காரணம், படத்தை எந்தத் திசையிலும் திருப்பிப் பார்க்கலாம். உச்சந்தலைக்கு அடியில் மெல்லிசாகப் படர்ந்த ரத்தம் குறுக்குவெட்டில் எலும்போடு ஒட்டிக்கொண்டு கண்ணில் படாமல் நழுவும். முன்பக்கமிருந்து வெட்டிப் பார்த்தால் மாட்டிக்கொள்ளும். மண்டையோட்டில் விரிசல் படுக்கைவசத்தில் ஓடினால், ஸ்லைஸும் அதே வசத்தில் இருப்பதால் இரண்டு ஸ்லைஸுக்கு நடுவே ஒளிந்துகொள்ளும். மெல்லிய ஸ்பைரல் தகவலிலிருந்து முப்பரிமாணப் படம் எடுத்தால் விரிசல் கோடு போட்டதுபோல் தெரியும். இதற்காகத் தனியாக இன்னொரு ஸ்கேன் வேண்டாம். அதே தகவலை மூளைக்கு மென்மையான கணக்கிலும் எலும்புக்குக் கூர்மையான கணக்கிலும் இரண்டு தடவை படமாக்கலாம். அதில் கூடுதல் கதிர் ஒரு துளியும் இல்லை.

கண்ணைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நிறுத்தி எடுக்கும் முறையில் மெஷினின் வளையத்தையே சாய்க்கலாம். புருவத்துக்கு மேலிருந்து காதுத்துளை நோக்கிப் போகும் கோட்டுக்கு இணையாகச் சாய்த்தால் கண்ணின் லென்ஸ் நேர்க்கதிருக்கு வெளியே போய்விடும். பல மெஷின்களில் ஸ்பைரலில் சாய்க்க முடியாது. இரட்டைக் குழாய் மெஷின்களில் வளையம் சாயவே சாயாது. 2011-ல் சர்வதேசக் கதிர்ப் பாதுகாப்பு ஆணையம், கண்புரை உண்டாக்கக்கூடிய கதிரின் எல்லையை முன்பு நினைத்ததைவிட வெகுவாகக் குறைத்து, 0.5 கிரே என்று அறிவித்தது. ஒரு தலை ஸ்கேன் அந்த எல்லைக்கு வெகு கீழே. ஆனால் திரும்பத் திரும்ப எடுக்கிறவர்களுக்குக் கணக்கு கூடிக்கொண்டே போகும். சாய்க்க முடியாத மெஷினில் நாங்கள் செய்வது நோயாளியின் தாடையை நெஞ்சுப் பக்கம் இறக்குவது. கழுத்து எலும்பில் அடி இல்லை என்று தெரிந்தால் மட்டும்.

தாடை இறங்குவதற்கு முதல் எதிரி கொண்டை. எங்கள் பக்கத்துப் பெண்கள் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு வருவார்கள். தலையைத் தாங்கும் குழிவான பலகையில் கொண்டை இடித்து, தலை ஒரு பக்கமாகச் சரியும். சரிந்த தலையில் இடமும் வலமும் ஒரே மட்டத்தில் வராது. ஒரு பக்கம் வீங்கியதுபோலத் தோன்றும், வீக்கம் இருக்காது. "அம்மா, கொண்டைய அவுத்துட்டுப் படுங்க" என்று சொல்லி, ஹேர்பின், கம்மல், மூக்குத்தி, பொய்ப்பல் செட் எல்லாவற்றையும் கழற்றச் சொல்வேன். பூவுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு பின் போதும், படம் முழுக்க வெள்ளைக் கீற்று அடிக்கும். "மூக்குத்தியைக் கழட்டி முப்பது வருஷமாச்சு, வராது" என்பார்கள் பாட்டிமார். அப்போது வளையத்தைச் சாய்த்து அந்தக் கீற்று மூளையைத் தொடாதபடி ஒதுக்கப் பார்ப்பேன். அதற்கும் நிறுத்தி எடுக்கும் முறைதான் உதவும்.

அகலமான டிடெக்டர் வைத்து டேபிளை நகர்த்தாமலே ஒரே சுற்றில் முழு மூளையையும் எடுக்கும் மெஷின்களும் இருக்கின்றன. 2007-ல் வந்த தோஷிபாவின் 320 வரிசை மெஷின் 16 சென்டிமீட்டரை ஒரே சுற்றில் எடுக்கும். ரத்தம் மூளைக்குள் எப்படி ஓடுகிறது என்று பார்க்க அதற்கு ஈடில்லை. இரண்டு வெவ்வேறு ஆற்றலில் கதிர் விட்டு எடுக்கும் முறை, ரத்தக்குழாயில் ஏற்றிய சாய மருந்தா நிஜ ரத்தமா என்று பிரித்துச் சொல்லும். அடைப்பை டியூப் விட்டு எடுத்த பிறகு தலையில் வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் டாக்டர்கள் இதைத்தான் கேட்பார்கள். வந்து விழும் எக்ஸ்ரே ஃபோட்டான்களை ஒவ்வொன்றாக எண்ணும் மெஷினுக்கு அமெரிக்கா 2021-ல் அனுமதி கொடுத்தது. அதை நான் தொட்டதில்லை. படங்களைப் பார்த்திருக்கிறேன், பொறாமையாக இருக்கிறது.

கதிர் அளவைப் பற்றி எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு சம்பவம் உண்டு. லாஸ் ஏஞ்சலஸில் சீடர்ஸ்-சினாய் மருத்துவமனையில், பக்கவாத நோயாளிகளின் மூளை ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேனில் இருநூறு பேருக்கு மேல் வழக்கத்தைவிட ஏறத்தாழ எட்டு மடங்கு கதிர் போயிருந்தது. 18 மாத காலம் இப்படி நடந்து, 2009-ல்தான் வெளியே தெரிந்தது. சிலருக்குத் தலைமுடி பட்டையாகக் கொட்டியதை வைத்துத்தான் விஷயமே புரிந்தது. பழைய ஃபிலிம் எக்ஸ்ரேயில் கதிர் கூடினால் படம் கருகிக் காட்டிக்கொடுத்துவிடும். சி.டி.யில் கதிர் கூடினால் படம் இன்னும் அழகாகும். அழகான படத்தைப் பார்த்து யாரும் புகார் கொடுக்க மாட்டார்கள்.

வயது வந்த ஒருவரின் சாதாரணத் தலை ஸ்கேனில் மெஷின் காட்டும் அளவு 50, 60 மில்லிகிரே என்று இருக்கும். உடம்பு முழுமைக்குமான பாதிப்பாகக் கணக்கிட்டால் சுமார் 2 மில்லிசீவர்ட். மண், ஆகாயம், சாப்பாடு எல்லாவற்றிலிருந்தும் உலகத்தில் ஒரு சராசரி மனிதருக்கு ஒரு வருடத்தில் கிடைப்பது 2.4. பயந்து ஓட வேண்டிய அளவு இல்லை. தேவையில்லாமல் வாங்கிக்கொள்ள வேண்டிய அளவும் இல்லை. "எதுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துருவோமே" என்று சொல்கிறவர்களோடு நான் வாக்குவாதம் செய்வதில்லை. டாக்டர் சீட்டு இல்லாமல் டேபிளில் ஏற்றுவதில்லை, அவ்வளவே.

குழந்தைகள் விஷயத்தில் எனக்குத் தயவு தாட்சண்யம் கிடையாது. பிரிட்டனில் சிறுவயதில் சி.டி. எடுத்தவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2012-ல் லான்செட் இதழில் வந்தது. பத்து வயதுக்குக் கீழே 10,000 தலை ஸ்கேன் எடுத்தால், அடுத்த பத்து வருடத்தில் கூடுதலாக ஒரு ரத்தப் புற்றுநோயும் ஒரு மூளைக் கட்டியும் வரலாம் என்பது அவர்கள் மதிப்பீடு. தனி ஒரு குழந்தைக்கு இது மிகச் சின்ன ஆபத்து. மண்டையில் அடிபட்டு மயங்கிய குழந்தைக்கு ஸ்கேன் எடுக்காமல் இருப்பதுதான் பெரிய ஆபத்து. ஆனால் பெரியவர்களுக்குப் போட்ட அதே செட்டிங்கில் குழந்தையை எடுப்பதற்கு மன்னிப்பே இல்லை. குழந்தைகளுக்கென்று தனி செட்டிங் எல்லா மெஷினிலும் உண்டு. தேர்ந்தெடுக்க ஒரு பட்டன் போதும்.

மூளைக்குள் நீர் தேங்கி, அதை வயிற்றுக்குள் வடிக்க டியூப் வைத்திருக்கும் குழந்தைகள் எங்களிடம் அடிக்கடி வருவார்கள். தலைவலி, வாந்தி என்றால் டியூப் அடைத்துக்கொண்டதா என்று பார்க்க வேண்டும். எம்.ஆர்.ஐ. உடனே கிடைக்கும் ஊரில் அதில் பார்க்கலாம், அதில் கதிரே இல்லை. கிடைக்காத ஊரில் சி.டி.தான். இந்தக் குழந்தைகளுக்கு நான் எடுக்கும் படம் யாருக்கும் காட்டிப் பெருமைப்படக் கூடியதல்ல. கதிரைப் பாதிக்கும் கீழே இறக்குவேன். இரைச்சல் மண்டும். சாம்பல் எது வெண்மை எது என்று சரியாகத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. டாக்டர் கேட்பது ஒன்றே ஒன்று: நீர் அறை போன தடவையைவிடப் பெரிதாகியிருக்கிறதா? அது 0-வை ஒட்டிய கறுப்பு, எந்த இரைச்சலிலும் தெரியும். ஒரு தடவை புதிதாக வந்த ஜூனியர் டாக்டர், "என்னக்கா படம் இப்படி மோசமா இருக்கு?" என்றார். போன தடவைப் படத்தைப் பக்கத்துத் திரையில் போட்டேன். அரை நிமிடம் பார்த்துவிட்டு, "பெருசாகலை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் போன தடவைப் படம் கையில் இருக்க வேண்டும். ஃபிலிமில் நாங்கள் அச்சடிப்பது தேர்ந்தெடுத்த சில தடித்த ஸ்லைஸ்கள் மட்டுமே. மெல்லிய ஸ்லைஸ்கள், எலும்புப் படங்கள், எவ்வளவு கதிர் போனது என்ற கணக்குப் பக்கம் எல்லாம் கூடக் கொடுக்கும் குறுந்தட்டில்தான் இருக்கும். வேறு சென்டரில் எடுத்திருந்தால் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். ஃபிலிமை மட்டும் சுருட்டி பைக்குள் செருகிக் கொண்டுவந்தால், மடிப்பு விழுந்த இடத்தில் எனக்கும் ஒன்றும் தெரியாது.